நியூ இங்கிலாந்து – கனடா கப்பல் பயணம்: முதன்முறை போகிறவர்களுக்கு

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ வந்திருக்கும் பெற்றோரை எங்கே அழைத்துப் போகலாம் என்று யார் கேட்டாலும் நான் தயங்காமல் சொல்வது இந்தக் கப்பல் பயணத்தைத்தான். பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ ஏறுகிறோம். மெய்ன் மாநிலக் கரை, கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணம், செயின்ட் லாரன்ஸ் வளைகுடா என்று வடக்கே போய், சில கப்பல்களில் கியூபெக் நகரம் வரை செல்கிறோம். பெட்டியை ஒரே ஒரு முறை பிரித்து அடுக்கினால் போதும். இரவில் கப்பல் ஓடுகிறது, காலையில் வேறோர் ஊர் வாசலில் நிற்கிறது. பல ஊர்களில் கப்பலை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் கடைவீதி வந்துவிடும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட வசதியான பயணம் கிடைப்பது அரிது.

கரீபியன் கடற்பயணம் போய் வந்தவர்கள் சொல்வதை மட்டும் இதற்கு வழிகாட்டியாகக் கொள்ளாதீர்கள். அங்கே கப்பல்தான் பிரதானம். நீச்சல் குளமும் நீர்ச்சறுக்கும் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். இங்கே துறைமுகங்கள்தான் பிரதானம். எந்தக் கப்பல் பெரியது, எதில் எத்தனை உணவகம் என்று பார்ப்பதற்கு முன்னால், அது எந்த ஊர்களில், எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பாருங்கள். நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸில் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை நிற்கும் சுமாரான கப்பல், மதியம் வந்து மாலையே கிளம்பிவிடும் ஆடம்பரக் கப்பலைவிட உங்களுக்கு அதிகம் தரும்.

எந்தப் பாதை, எந்த மாதம்

பாதைகள் இரண்டு வகை. நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ கிளம்பி அங்கேயே திரும்புகிற ஒரு வாரப் பயணம் ஒன்று. பாஸ்டன் அல்லது நியூயார்க்கிலிருந்து கியூபெக் அல்லது மாண்ட்ரியல் வரை ஒரு வழியாகப் போவது மற்றொன்று. இது ஏழு முதல் பத்து இரவுகள் வரை நீளும். இதையே எதிர்த்திசையிலும் ஓட்டுவார்கள். டொராண்டோ, மாண்ட்ரியல் பக்கம் இருப்பவர்களுக்கு கியூபெக்கில் ஏறித் தெற்கே இறங்குவது எளிது. மிக உயரமான கப்பல்கள் கியூபெக் பாலத்தின் அடியில் நுழைய முடியாததால் கியூபெக் நகரத்தோடு நின்றுவிடும். 'மாண்ட்ரியல்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் சிறிய அல்லது நடுத்தரக் கப்பலாக இருக்கும்.

அமெரிக்காவில் தொடங்கும் ஏறக்குறைய எல்லாப் பயணங்களிலும் ஒரு கனடியத் துறைமுகமாவது இருப்பதற்குச் சட்டமே காரணம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்ல 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை போடுகிறது. பெரிய பயணிகள் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. ஆகையால் நியூயார்க்கில் ஏறி, 'பாஸ்டன் வந்ததும் நான் இறங்கிக்கொள்கிறேன்' என்று இடையில் பயணத்தை முடித்துக்கொள்ள முடியாது. மீறினால் அபராதத்தை நம் தலையில்தான் கட்டுவார்கள்.

பருவம் பெரும்பாலும் மே முதல் அக்டோபர் இறுதி வரை. ஜூன், ஜூலையில் பகல் நீளம், கட்டணம் குறைவு, ஆனால் மூடுபனி அதிகம். வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டத்தின்மேல் தெற்கின் ஈரக் காற்று படும்போது, எதிரே இருக்கும் தீவுகூடத் தெரியாத அளவுக்குப் பனி மூடிக்கொள்ளும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவு வரை இலைகள் சிவந்து பொன்னாகும் காலம். கட்டணமும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும்.

இலை நிறம் பார்க்கவே போகிறீர்கள் என்றால் திசையை யோசித்து முடிவு செய்யுங்கள். நிறம் வடக்கில் முதலில் தொடங்கித் தெற்கே இறங்கும். கியூபெக் பகுதியில் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் உச்சம் வரும். மெய்ன் கரையில் அக்டோபர் நடுவாக்கில்தான் வரும். ஆகவே அக்டோபர் தொடக்கத்தில் கியூபெக்கில் ஏறித் தெற்கே வரும் பயணமே என் தேர்வு. இன்னொன்று: கடலோரத்தில் பெரும்பாலும் ஊசியிலை மரங்கள், அவை நிறம் மாறுவதில்லை. கப்பல் தளத்தில் நின்றே சிவந்த காட்டைப் பார்த்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். உள்ளே கொஞ்ச தூரம் போக வேண்டும்.

பணம் கட்டும் முன் காகிதங்கள்

இந்தப் பயணத்தில் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டில் வருபவர்களுக்கு இரண்டு நாட்டு விசாவும் வேண்டும். கனடாவில் நிற்பது ஒரே ஒரு நாள்தான், நான் இறங்கவே மாட்டேன் என்றெல்லாம் சொல்லி ஏறிவிட முடியாது. கனடிய விசா இல்லாதவரைக் கப்பல் முனையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் போய்விடும். கனடிய விசாவுக்குக் கைரேகை கொடுக்க வேண்டும், கடவுச்சீட்டை அனுப்ப வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே தொடங்குங்கள். அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதா என்றும் பாருங்கள். கனடாவிலிருந்து திரும்பும்போது அமெரிக்காவுக்குள் மறுபடியும் நுழைகிறோம்.

அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம். 2022 ஏப்ரல் முதல், செல்லுபடியாகும் கிரீன் கார்டும் சொந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இருந்தால் கனடாவுக்குத் தனி விசா தேவையில்லை. இரண்டையும் கையில் வைத்திருங்கள். கார்டு மட்டும் போதாது. எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) போன்ற விசாக்களில் இருக்கும் இந்தியர்களுக்குக் கனடிய விசா கட்டாயம். அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகி, ஐ-94 (எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு) மட்டும் நடப்பில் இருப்பவர்கள், திரும்பி நுழைவதற்கான விதிகளைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே முன்பதிவு செய்யுங்கள்.

பெற்றோர் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது: கப்பலில் கனடா போய் வந்தால் அமெரிக்காவில் தங்குவதற்குப் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று. அப்படிக் கிடைப்பதை எதிர்பார்க்காதீர்கள். சில நாள் கனடாப் பயணத்துக்குப் பிறகு பொதுவாகப் பழைய ஐ-94 தேதியே தொடரும். அந்தத் தேதி முடிவதற்குள் பயணமும் முடிந்து, ஊர் திரும்பும் விமானமும் இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டன், பிரான்ஸ், நார்வே போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்கு அமெரிக்காவுக்கு விசா வேண்டாம், எஸ்டா என்ற இணையவழிப் பயண அனுமதி போதும். அதேபோன்ற கனடாவின் ஈ.டி.ஏ. அனுமதி விமானத்தில் கனடாவுக்குள் நுழைபவர்களுக்கு உரியது. கப்பலில் வந்து இறங்குவதற்கு வேண்டாம். கியூபெக்கில் ஏறுவதற்காக விமானத்தில் போனால் வேண்டும். அமெரிக்கக் குடிமக்கள், புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும் பயணத்தில் பிறப்புச் சான்றிதழும் புகைப்பட அடையாள அட்டையும் காட்டியே ஏறலாம். ஆனாலும் கடவுச்சீட்டு எடுத்துப் போங்கள். ஹாலிஃபாக்ஸில் உடம்புக்கு முடியாமல் இறங்க நேர்ந்தால், அது இல்லாமல் விமானம் ஏற முடியாது. குழந்தையைத் தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் உடன் இருக்கட்டும்.

கட்டணமும் அறையும்

விளம்பரத்தில் காட்டும் தொகை ஒரு நபருக்கு, ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கில் போட்டது. துறைமுக வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பணியாளர்களுக்கான டிப்ஸ் ஒரு நபருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை தனியே ஏறும், குழந்தைகளுக்கும் உண்டு. இணையம், குளிர்பானம், கரைச் சுற்றுலா, நிழற்படம் எல்லாம் தனி. நால்வர் குடும்பத்துக்கு இந்த உதிரிச் செலவே கணிசமாகிவிடும். முதலிலேயே கூட்டிப் பாருங்கள்.

அறையைப் பொறுத்தவரை, இந்தப் பாதையில் பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். அக்டோபர் காற்றில் பால்கனியில் உட்கார்ந்திருக்க முடியாது. சன்னல் உள்ள அறை போதும். வெளிச்சம் தெரிந்தால் தலைச்சுற்றலும் குறையும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவு. முன்னும் பின்னும், மேல்தளங்களிலும் அதிகம். பெற்றோருக்கு மின்தூக்கிக்கு அருகில் அறை எடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை மட்டும் தவிர்க்கவே கூடாது. கப்பல் மருத்துவமனைக் கட்டணம் கடுமையானது. நடுக்கடலில் உடம்பு மோசமானால் ஹெலிகாப்டரில் கரை சேர்ப்பதற்கும் காப்பீடு இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு மட்டும் எடுத்த பார்வையாளர் காப்பீடு கனடாவிலும் கப்பலிலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களை அது சேர்க்கிறதா என்பதையும் கேளுங்கள்.

சாப்பாடும் பெட்டியும்

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். பெரும்பாலான பெரிய கப்பல் நிறுவனங்களில், முன்பதிவின்போதே இந்தியச் சைவ உணவு வேண்டும் என்று குறிப்பிடலாம். முதல் நாள் இரவு உணவின்போது தலைமைப் பணியாளரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். வெங்காயம், பூண்டு கூடாதா, முட்டை கூடாதா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சமையலறையிலும் பரிமாறுவதிலும் இந்தியர்கள் பலர் வேலை செய்கிறார்கள். அன்பாகக் கேட்டால் மறுநாளே ஒரு பருப்பும் சோறும் மேசைக்கு வந்துவிடும். தினமும் அதே மேசை, அதே பணியாளர் கிடைக்கும்படி நேரத்தை நிலையாக எடுத்துக்கொண்டால், உங்கள் தேவை அவருக்குப் பழகிவிடும்.

ரைஸ் குக்கர், மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதையும் கப்பலில் விடமாட்டார்கள். பரிசோதனையில் எடுத்துவைத்துக்கொண்டு கடைசி நாளில் தருவார்கள். வீட்டில் கட்டிய புளிசாதமும் வேண்டாம். கடையில் வாங்கிய, பிரிக்காத முறுக்கு, பருப்புப்பொடிப் பொட்டலங்களுக்குப் பொதுவாகத் தடையில்லை. ஆனால் கப்பல் உணவுக் கூடத்திலிருந்து ஆப்பிளையோ சாண்ட்விச்சையோ பையில் போட்டுக்கொண்டு கரை இறங்காதீர்கள். இரு நாடுகளும் பழம், இறைச்சி விஷயத்தில் கண்டிப்பானவை.

துணி அடுக்கடுக்காக இருக்கட்டும். தடித்த ஒரே கோட்டைவிட, உள்ளே பருத்தி, நடுவில் கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத மேலாடை நல்லது. ஒரே நாளில் காலையில் மூன்றும், மதியம் ஒன்றும் போடுவீர்கள். காது மூடும் குல்லாய், கையுறை, வழுக்காத ஷூ வேண்டும்; செருப்பு வேண்டாம். புடவை கட்டும் அம்மாக்களுக்கு உள்ளே கால்வரை வரும் வெப்ப உடை ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

ஏறும் நாள்

முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. நியூயார்க் என்று பயணச்சீட்டில் இருந்தால், எந்த முனையம் என்று மறுபடியும் படியுங்கள்: மன்ஹாட்டன் மேற்குக் கரையில் ஒன்று, புரூக்ளினின் ரெட் ஹுக்கில் ஒன்று, ஆற்றுக்கு அப்பால் நியூஜெர்சியின் பேயோனில் ஒன்று. இடம் மாறிப் போய் நின்றால் அந்தப் போக்குவரத்தில் மீள்வது கடினம்.

இணையவழிப் பதிவை வீட்டிலேயே முடித்து, பெட்டிச் சீட்டுகளை அச்செடுத்து ஒட்டுங்கள். பெரிய பெட்டிகளை வாசலில் கொடுத்துவிட்டால் அவை அறைக்கு வர மாலையாகிவிடும். அதனால் கடவுச்சீட்டு, மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுத் துணி ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். இன்சுலின் போன்றவற்றை ஒருபோதும் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். கப்பலுக்குள் போனதும் ஓர் அட்டை தருவார்கள். அதுதான் அறைச் சாவி, பணப்பை, அடையாளம் எல்லாம். பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். அதை முடித்துவிட்டு ஓய்வாகச் சுற்றுங்கள். கைபேசியை விமான நிலைக்கு மாற்றுங்கள். நடுக்கடலில் கப்பலின் கைபேசி வலைக்குள் தானாக நுழைந்துவிட்டால் பில் எகிறிவிடும்.

கரை இறங்கும் முன்: கடிகாரம்

பாஸ்டன், மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர், கியூபெக் ஆகியவை கிழக்கு நேரத்தில் இருக்கின்றன. கனடாவின் செயின்ட் ஜான், ஹாலிஃபாக்ஸ், சிட்னி (ஆஸ்திரேலிய சிட்னி அல்ல), சார்லட்டவுன் ஆகியவை அதைவிட ஒரு மணி நேரம் முன்னால். நியூஃபவுண்ட்லாந்து இன்னும் அரை மணி முன்னால். கைபேசி தானாகக் கரை நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். இறங்கும் வழியில், திரும்ப வேண்டிய நேரம் எழுதிய பலகை இருக்கும். அதையும் பக்கத்தில் உள்ள கடிகாரத்தையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும்.

கரைச் சுற்றுலாவுக்கு எனக்கு ஒரே விதி: நடந்து போகக்கூடியதற்குக் கப்பலில் பணம் கட்டாதே, தொலைவில் இருப்பதற்குத் தனியாகப் போகாதே. கப்பல் நடத்தும் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமே பிடித்த டாக்சி தாமதமானால் காத்திருக்காது.

சில ஊர்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. நங்கூரம் போட்டு, சிறு டெண்டர் படகுகளில் ஆட்களைக் கொண்டுபோய் விடுவார்கள். பார் ஹார்பரும் ரோட் ஐலண்டு மாநிலத்தின் நியூபோர்ட்டும் அப்படி. காலையில் வரிசை நீளும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குப் படகில் ஏறுவது சிரமம்; அலை அடித்தால் அனுமதிக்கவே மாட்டார்கள். நடக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால், டெண்டர் துறைமுகம் குறைவாக உள்ள பயணத்தைப் பாருங்கள்.

துறைமுகங்கள்

பார் ஹார்பரில் எல்லோரும் அகேடியா தேசியப் பூங்காவுக்கும், 466 மீட்டர் உயரமுள்ள காடிலாக் மலை உச்சிக்கும் ஓடுவார்கள். போகலாம், அருமையான இடம். சொந்தமாகக் கார் எடுத்தால் உச்சிச் சாலைக்குப் பருவகாலத்தில் முன்பதிவு வேண்டும். அதனால் பேருந்துச் சுற்றுலாவே சௌகரியம். ஆனால் ஊருக்குள்ளேயே காசில்லாத அதிசயம் ஒன்று இருக்கிறது. பிரிட்ஜ் தெருவின் கோடியில் கடல்தான் இருக்கும். தண்ணீர் வற்றும் நேரத்தில், அந்தக் கடலுக்குள்ளிருந்து கூழாங்கல் பாதை ஒன்று மெல்ல வெளிப்பட்டு, எதிரே உள்ள பார் தீவு வரை நீளும். கடற்பாசி ஒட்டிய கற்கள், ஓரத்தில் தேங்கிய குட்டைகளில் நண்டுக் குஞ்சுகள், காலடியில் நொறுங்கும் சிப்பிகள். வற்றத்தின் உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னும் பின்னும் மட்டுமே பாதை திறந்திருக்கும். அதற்குப் பிறகு தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் வந்து மூடிவிடும். அன்றைய வற்ற நேரத்தை முந்தின இரவே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் தப்பினால் அடுத்த வற்றம் வரை தீவில்தான் இருக்க வேண்டும். இந்த ஊர் மக்கள் 2022-இல் வாக்களித்து, கப்பலிலிருந்து இறங்கும் பயணிகளுக்கு நாளொன்றுக்கு 1,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். அதனால் பெரிய கப்பல்கள் இங்கே வருவது குறைந்து, அதே மாநிலத்தின் போர்ட்லாந்து போன்ற ஊர்களுக்குத் திரும்புகின்றன. பார் ஹார்பர்தான் உங்கள் ஆசை என்றால் பயணத் திட்டத்தில் அது உண்மையில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

போர்ட்லாந்தில் கப்பல் துறையிலிருந்தே பழைய துறைமுகப் பகுதிக்கு நடந்துவிடலாம். 1791-இல் ஏற்றப்பட்ட போர்ட்லாந்து ஹெட் கலங்கரை விளக்கம் ஊருக்கு வெளியே கேப் எலிசபெத்தில் உள்ளது; அதற்கு வண்டி வேண்டும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் வெண்ணெய் தடவிய ரொட்டியில் சிங்கி இறால் அடைத்துத் தருவதை இங்கேதான் சாப்பிட வேண்டும்.

நியூபிரன்ஸ்விக்கின் செயின்ட் ஜானும் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸும் வேறு வேறு ஊர்கள், முன்பதிவின்போது குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது ஊர் ஃபண்டி வளைகுடாவில் இருக்கிறது. உலகின் மிக உயர்ந்த கடலேற்றம் இந்த வளைகுடாவில்தான்; உட்கோடியில் 16 மீட்டர் வரை ஏறும். செயின்ட் ஜானில் எட்டு மீட்டருக்கு மேல். காலையில் இறங்கும்போது இருந்த படிப்பாலத்தின் சரிவு மாலையில் திரும்பும்போது வேறாக இருக்கும். ஆறு கடலில் கலக்கும் இடத்தில், நீர் வற்றியிருக்கும்போது ஆற்று வெள்ளம் பாறைகளின் மேல் நுரைத்துக் கடலுக்குப் பாய்கிறது. ஏற்றத்தின்போது கடல் மட்டம் ஆற்றைவிட உயர்ந்து, அதே வெள்ளம் ஆற்றுக்குள் எதிர்த்துப் பாய்கிறது. இடையில் கொஞ்ச நேரம் எல்லாம் அடங்கி, படகுகள் கடக்கும். ஒரு முறை மட்டும் பார்த்தால் 'ஒரு சுழல், அவ்வளவுதானே' என்று தோன்றும். காலையில் ஒரு தடவை, சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். நடுவில் 1876-இல் கட்டிய நகரச் சந்தைக்குப் போகலாம். கூரையின் உள்பக்கம் கவிழ்த்து வைத்த கப்பலின் அடிப்பகுதி மாதிரியே இருக்கும். அங்கே டல்ஸ் என்ற கருஞ்சிவப்புக் கடற்பாசியை உலர்த்திக் கொறிக்க விற்கிறார்கள். உப்பும் கடல் வாசமுமாக இருக்கும். ஒரு சிறு பொட்டலம் வாங்கிச் சுவைத்துப் பாருங்கள்.

ஹாலிஃபாக்ஸுக்கு ஒரு முழு நாள் போதாது. கப்பல் நிற்கும் இடத்தை ஒட்டியே துறை 21. 1928 முதல் 1971 வரை ஏறக்குறைய பத்து லட்சம் பேர் கப்பலில் வந்து கனடா மண்ணில் முதலில் கால்வைத்த கொட்டகை. இன்று குடிவரவு அருங்காட்சியகம். நாடு விட்டு நாடு வந்தவர்கள் என்ற முறையில் நம்மில் பலருக்கு இது வெறும் சுற்றுலா இடமாக இருக்காது. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அங்கிருந்து கடலோர நடைபாதையில் போனால் இவ்வூரில் பிறந்த சாமுவேல் கியூனார்டின் சிலையைக் காணலாம். அட்லாண்டிக்கைக் கடக்கும் நீராவி அஞ்சல் கப்பல் சேவையை 1840-இல் லிவர்பூல், ஹாலிஃபாக்ஸ், பாஸ்டன் என்று தொடங்கியவர் அவர். நாம் வருவதும் பாதி அந்தத் தடத்தில்தான். மேலே குன்றுக் கோட்டையில் நண்பகல் 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். காதை முன்பே பொத்திக்கொள்ளுங்கள்.

டைட்டானிக் மூழ்கியபோது உடல்களைத் தேடிப் போன கப்பல்கள் இந்த ஊரிலிருந்து கிளம்பியவை. 150 பேர் இங்கே அடக்கமானார்கள். அவர்களில் 121 பேர் ஃபேர்வியூ லான் கல்லறைத் தோட்டத்தில். சாம்பல் நிறச் சிறு கற்கள் கப்பலின் உடல்போல் வளைந்த வரிசைகளில் நிற்கின்றன. சிலவற்றில் பெயர் கிடையாது. இறந்த தேதியும், உடல் மீட்கப்பட்ட வரிசை எண்ணும் மட்டும். ஊருக்குள்தான் இருக்கிறது, டாக்சியில் போய்வரலாம். 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் பெக்கீஸ் கோவ் கலங்கரை விளக்கத்துக்குக் கப்பல் சுற்றுலாவிலேயே போங்கள். அங்கே கறுத்திருக்கும் பாறை நனைந்த பாறை என்று பொருள். அதில் கால் வைக்காதீர்கள். கடல் அமைதியாகத் தெரியும்போதே திடீரென எழும் அலை ஆட்களை இழுத்துப் போயிருக்கிறது. படத்துக்காகப் பிள்ளைகளை அங்கே நிறுத்தவே கூடாது.

சிட்னியிலும் சார்லட்டவுனிலும் நடந்து பார்த்தாலே போதும். சிட்னியில் கப்பல் துறையிலேயே ஒரு மாபெரும் பிடில் சிலை வரவேற்கும். பழைய பிரெஞ்சுக் கோட்டையான லூயிஸ்பர்க் போக நினைத்தால் நாள் முழுதும் அதற்கே.

நீண்ட பயணங்கள் சில நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸுக்கும் போகின்றன. 1986 ஆகஸ்ட் 11 அன்று, இந்தத் தீவின் தென்கரைக்கு அப்பால், மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். முதலில் கண்ட படகின் தலைவர் கஸ் டால்டன். அவர்களைக் கொண்டுவந்து சேர்த்த துறைமுகம் இதுதான். குறுகிய பாறை வாசல் வழியாகக் கப்பல் உள்ளே நுழையும்போது அறையில் இருக்காதீர்கள், தளத்துக்கு வந்து நில்லுங்கள்.

செயின்ட் லாரன்ஸில் நுழைந்ததும் தளத்திலேயே இருங்கள். சாகனே ஆறு கலக்கும் இடத்தில் வெள்ளை பெலுகா திமிங்கிலங்களின் முதுகு அலைநுரைபோல் எழும்பி மறையும். இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் நல்லது. 400-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்களைக் காக்க, வளைகுடாவில் கப்பல்களுக்கு 10 நாட் (மணிக்குப் பத்து கடல் மைல்) வேக வரம்பு விதிப்பதுண்டு. சில பயணத் திட்டங்கள் அதனால் நீளும், சில துறைமுகங்கள் விடுபடும். கியூபெக்கில் ஓர் இரவு தங்கும் கப்பல் கிடைத்தால் விடாதீர்கள். 1608-இல் உருவான இந்த மதில் நகரின் கீழூர் கப்பலிலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது. மேலூருக்குச் சரிவு ரயில் உண்டு. பெரியவர்களை அதில் ஏற்றி மேலே அனுப்பி, டஃபரின் நடைமேடையில் உட்கார வையுங்கள். நீங்கள் படியேறிப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

கடல் கலங்கினால்

செப்டம்பர் புயல் மாதம். 2022 செப்டம்பர் 24 அன்று பியோனா புயல் நோவா ஸ்கோஷியாவைத் தாக்கியது. புயல் வந்தால் கேப்டன் பாதையை மாற்றுவார், ஒரு துறைமுகத்தைக் கைவிடுவார். அந்த உரிமை அவருக்கு ஒப்பந்தத்திலேயே உண்டு; துறைமுக வரி மட்டும் திரும்பக் கிடைக்கும். சொந்தமாகப் பதிவு செய்யும் கரைச் சுற்றுலாவை, ரத்தானால் பணம் திரும்பும் நிபந்தனையோடு எடுங்கள். தலைச்சுற்றல் மாத்திரை எது சரிவரும் என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், குறிப்பாக இரத்த அழுத்தம், கண் அழுத்தம் உள்ளவர்கள். மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன் போட வேண்டும். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். இஞ்சியும் உப்பு பிஸ்கட்டும் உதவும்.

இறங்கும் நாள்

முந்தின இரவே பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் உடையையும் மருந்தையும் அதற்குள் கட்டிவிடாதீர்கள். பெட்டியை நீங்களே இழுத்துக்கொண்டு முதலில் இறங்கவும் வசதி உண்டு. பெரியவர்களோடு போனால் அவசரப்படாமல் கடைசிக் குழுவில் வாருங்கள். விமானம் பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு இருக்கட்டும். கியூபெக்கில் இறங்குபவர்கள் மாண்ட்ரியல் வழியாக டொராண்டோவுக்கு ரயிலிலேயே போகலாம். ரயில் நிலையம் துறைமுகத்திலிருந்து சிறிது தூரம்தான்.

அமெரிக்காவில் இறங்கிய பார்வையாளர்கள் வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எல்லைக் காவல் துறையின் இணையதளத்தில் ஐ-94 பதிவைத் திறந்து, தங்க அனுமதித்த தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் அந்தத் துறையின் திருத்த அலுவலகத்தை உடனே அணுகுங்கள். ஊர் திரும்பும் விமானம் அந்தத் தேதிக்கு முன்னதாக இருக்கிறதா என்றும் இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள்.